கண்ணாடி வண்டியில் போக எனக்குச் சம்மதமில்லை

1

கொல்கத்தாவில் பெஹாலா என்கிற பேட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்காரர் காலமாகி, போன வாரத்தோடு ஒரு வருஷம் திரும்பிவிட்டது. திதி கொடுத்து, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு மாடியிலிருந்து இறங்கி வந்த மகனிடம், "அப்பாவுக்கு வச்ச மாதிரி எனக்கும் மேளம் வைப்பியாடா?" என்று கேட்டேன். கேட்டது அவ்வளவுதான். அதற்குப் பதில் கிடைத்த விதத்தை ஊரில் இருக்கிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

நான் மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் நிரம்புவதற்குள் உலையில் போட்ட அரிசி குழைந்துவிடும். ஆனாலும் இன்னொருவரைக் கூப்பிட்டு எனக்காக எழுது என்று கேட்டதில்லை, இனியும் கேட்கப் போவதில்லை. போனில் பேசினாலே அது எழுத்தாகிவிடும் என்கிறாள் பேத்தி மாலா. மெஷினுக்கு முன்னால் ஒரு தடவை பேசிப் பார்த்தாயிற்று. என்ன ஆனது என்று சொல்கிறேன், அவசரமில்லை.

கல்யாணமாகி நான் வந்தபோது எங்கள் தெருவுக்கே நாங்கள் ஒரு வீடுதான் தமிழ் வீடு. மானாமதுரைப் பக்கம் என்றால் இங்கே யாருக்கு விளங்கும்? அவர் ஒரு சர்க்கார் ஆபீசில் ஸ்டோர் கீப்பர். "மதராஸி பாரி" என்று சொன்னால் தபால்காரர் முதல் மீன்காரி வரைக்கும் எங்கள் வாசலைக் காட்டுவார்கள். பாரி என்றால் வங்காளத்தில் வீடு. இப்போது எங்கள் வீட்டுக்கு வேறு பெயர்.

2

அவருக்குத் தொண்ணூறு தாண்டியிருந்தது. மகனைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார், பேத்தி பெற்ற பிள்ளையையும் மடியில் போட்டுக் கொஞ்சினார். அன்றைக்குக் காலையில் இட்லி தின்று, "சட்னியில உப்பு கூட" என்று குறையும் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர்தான். எழுந்திருக்கவில்லை.

நம் பக்கத்தில் இதைக் கல்யாணச் சாவு என்போம். அழுவதற்கு அழுவோம். ஆனால் கொட்டும் ஆட்டமும் பூவும் வெடியுமாகத்தான் தெருவைத் தாண்ட விடுவோம். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள். அவரே உயிரோடு இருக்கும்போது மகனிடம் பல தடவை சொல்லியிருந்தார்: "சேகரு, களவாண்ட சாமானைக் கடத்துற மாதிரி என்னைச் சத்தமில்லாமக் கொண்டுபோயிராதே. தெரு அறியப் போகணும்."

மறுநாள் காலை விமானத்தில் என் தம்பி மகன் முருகேசன், கூட இரண்டு பையன்களோடு, பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை எடுத்துக்கொண்டு வந்து இறங்கினான். மாலையைப் போட்டுவிட்டு முதல் கேள்வியே, "கொட்டு எங்கத்தை?"

"இங்க ஏதுடா கொட்டு."

"அதுக்காக? மாமாவை ஊமையாவா அனுப்புறது?"

அது துர்கா பூஜைக்கு இரண்டு மூன்று நாள் முந்தி. அந்தச் சமயத்தில் சியால்தா ஸ்டேஷன் வாசலில் ஜில்லாக்களிலிருந்து மேளக்காரர்கள் வந்து குவிந்திருப்பார்கள். தோளில் தொங்குகிற பெரிய மேளம், மேலே வெள்ளை இறகுக் கொத்து. அதற்கு டாக் என்று பெயர். பூஜைப் பந்தல்காரர்கள் அங்கே போய்ப் பேசி அழைத்துப் போவார்கள். சேகர் போய் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவர்களும் முதலில் தயங்கினார்களாம். வயதைச் சொன்ன பிறகு வந்தார்களாம்.

எங்களில் ஒருவருக்கும் தோன்றாதது ஒன்று உண்டு. டாக் இந்த ஊரில் அம்மனின் மேளம். அவள் வரும்போது அடிப்பார்கள், போகும்போது அடிப்பார்கள். பிணத்துக்கு முன்னால் அடித்து யாரும் பார்த்ததில்லை. அறுபது வருஷத்துக்கு மேல் இங்கே இருந்தும் எங்களுக்கு மேளம் என்றால் மேளம் என்று போய்விட்டது.

வாசலில் முதல் அடி விழுந்தது. முருகேசன் பையன்கள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். பிறகு சேகரை இழுத்துவிட்டார்கள். கொள்ளிச்சட்டி எடுக்க வேண்டியவன் ஆடக் கூடாது என்று ஊரில் பெரியவர்கள் அதட்டுவார்கள். இங்கே அதட்ட யார் இருக்கிறார்? பாங்கில் ஆபீசராக இருந்து ரிட்டயரானவன். சொந்தக் கல்யாணத்தில்கூடக் கையைக் கட்டிக்கொண்டு நின்றவன். வேட்டியை மடித்துக் கட்டி, வெறும் மார்போடு, கண்ணில் தண்ணீர் ஓட ஓட, அப்பன் முன்னால் ஆடினான். நான் மாடி வராந்தாவில் நின்று பார்த்தேன். அவ்வளவு நல்ல ஆட்டம் இல்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் அவரைப் பெற்றவள் இருந்திருந்தால் திருஷ்டி கழித்திருப்பாள்.

அப்போது என் மனசில் ஓடியது இதுதான்: எனக்கும் இவன் இருக்கிறான், பயமில்லை.

3

எதிர் மாடியில் குடியிருந்த யாரோ ஒருவர் அதைப் போனில் பிடித்திருக்கிறார். மறுநாளே அது ஊரெல்லாம் சுற்றியது. பார்த்தால், டாக் சத்தத்தை எடுத்துவிட்டு ஒரு ஹிந்திக் குத்துப் பாட்டை ஒட்டியிருந்தார்கள். என் மகன் அழுகிற முகம் இல்லை. அது திரும்புவதற்கு முன்னால் வெட்டிவிட்டார்கள். கீழே எழுதியிருந்ததை மாலாதான் படித்துச் சொன்னாள்: அப்பா செத்த சந்தோஷத்தில் ஆடுகிற மகன்.

"பாட்டி, இது பாய்ரல் ஆயிருச்சு" என்றாள். வைரல் என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள். தமிழைவிட வங்காளம் நன்றாக வரும் அவளுக்கு.

"ஆனா என்ன? ஜுரம் மாதிரி இறங்கிரும்."

இறங்கவில்லை. குடும்பப் பென்ஷன் விஷயமாக அலிப்பூரில் ஓர் ஆபீசுக்குப் போனோம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் காகிதத்தைப் பார்த்தார், சேகரைப் பார்த்தார், பிறகு போனை எடுத்துப் பக்கத்து மேஜைக்காரரிடம் காட்டினார். இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ரொம்ப மரியாதையாக அவனை மறுபடி வரச் சொன்னார்கள். வெளியே வந்து வண்டியில் ஏறியதும் சேகர், "அந்த வேட்டியத் தூக்கிப் போட்டுரும்மா" என்றான். எங்கள் தெருவில் வாடகைக் காருக்கு வழி சொல்கிற பையன்கள் "நாச் பாரி" என்றார்கள். நாச் என்றால் ஆட்டம். ஆட்டக்கார வீடு.

பக்கத்து வீட்டு ரேபா மட்டும்தான் நேரே வந்து திட்டினாள். ரேபா என்னைவிடச் சின்னவள், என்னை பௌதி என்பாள். அண்ணி என்று அர்த்தம். எங்கள் வீட்டுக்காரரை தாதா என்பாள். நம் ஊரில் தாதா என்றால் கத்தி வைத்திருப்பவன், இங்கே அண்ணன். எங்கள் இரண்டு பேர் சிநேகிதமே சண்டைதான். மீனில் யாராவது புளியைக் கரைத்து ஊற்றுவார்களா என்று அவள் கேட்பாள். பருப்பில் மீன் தலையைப் போடுகிறவள் என் புளியைப் பேச வந்துவிட்டாயா என்று நான் கேட்பேன். வயிறு நிறையச் சண்டை போட்டு, கடைசியில் அவள் கிண்ணம் என் வீட்டிலும் என் கிண்ணம் அவள் வீட்டிலும் இருக்கும். அவள் கடவுளை, சோற்றை, சடங்கை நான் தெரிந்துகொண்டதெல்லாம் இப்படித் திட்டு வாங்கித்தான்.

திட்ட வந்த அன்றைக்குச் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"சீ சீ, பௌதி! தாதாவை இப்படியா அனுப்புவீங்க? அம்மனோட டாக்கைப் பிணத்துக்கு அடிச்சீங்களே, கை நடுங்கலையா?"

"உங்க அம்மனைக் கங்கையில போடக் கொண்டுபோறப்ப நீங்க ஆடுறது இல்லையா?"

"அது வேற. அவ திரும்பி வருவா."

"இவர் வாழ்ந்து முடிச்சுட்டுப் போறாரு. குறை ஒண்ணு இல்ல. அழுதுக்கிட்டே ஆடுறோம். நீயும் பூஜை பத்தாம் நாள் அழுதுக்கிட்டே தானடி ஆடுற? நான் பார்த்திருக்கேனே."

அவள் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். பிறகு உட்கார்ந்தாள். "இருந்தாலும் டாக்கை எடுத்திருக்கக் கூடாது" என்றாள். யோசித்துப் பார்த்தேன். "அது தப்புதான்" என்றேன். "ஆட்டம் தப்பில்ல." "ஆட்டம்..." என்று இழுத்தவள், "ஷேகர் நல்லா ஆடலை" என்றாள். நானும் ஆமாம் என்றேன். அவர் போன பிறகு நான் முதல் தடவை சிரித்தது அப்போதுதான். சிரித்து முடித்ததும் இரண்டு பேரும் அழுதோம்.

4

பூஜை முடிந்து உள்ளூர் டிவிக்காரர்கள் வந்தார்கள். மைக் பிடித்த பெண் நல்ல பெண்தான். காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "மாஷிமா, உங்க தரப்பையும் கேட்கணும்னு வந்தோம்" என்றாள். மாஷிமா என்றால் பெரியம்மா. சேகர் வேண்டாம் என்று தலையாட்டினான். நான் நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

என் வங்காளம் மீன் சந்தையில் கற்றது, ஆனால் நிறைய உண்டு. ரேபாவிடம் சொன்னதை எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டதைச் சொன்னேன். நெய்ப்பந்தம் ஏன் பிடிக்கிறோம் என்று சொன்னேன். டாக்கை எடுத்தது உங்கள் மனசுக்கு வலித்திருக்கும், அது எங்களுக்குத் தோன்றாமல் போனது தப்பு என்றும் சொன்னேன். என் மகன் அழுதான், அதை வெட்டிவிட்டார்கள் என்றும் சொன்னேன். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காமிராக்காரர்கூட டீ குடிக்காமல் கேட்டார்.

சாயங்காலம் ரேபாவும் வந்து உட்கார்ந்தாள். டிவி போட்டோம். நான் வந்தேன். வாய் அசைகிறது, சத்தம் இல்லை. மேலே வேறொருவர் பேசுகிறார். கண்ணாடி போட்ட, படித்த மனிதர். ரொம்ப நயமாகப் பேசினார்: "தெற்கே சில மக்களிடம் சாவைக் கொண்டாடும் வழக்கம் உண்டு. நம் கண்ணால் அவர்களைப் பார்க்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு முறை. அதில் சரி தப்பு சொல்ல நாம் யார்?" அவர் பேசப் பேச அந்தக் குத்துப் பாட்டு ஆட்டம் ஒரு மூலையில் திரும்பத் திரும்ப ஓடியது. என் பேச்சில் ஒரு சொல்லும் வரவில்லை.

சேகருக்கு நிம்மதி. "நமக்குச் சாதகமாத்தானேம்மா பேசினாரு."

நமக்காக எங்கே பேசினார்? நம்மைப் பற்றிப் பேசினார். அலிப்பூர் மிருகக்காட்சி சாலையில் கூண்டுக்கு வெளியே ஒரு பலகை வைத்திருப்பார்கள். இது எந்தக் காட்டைச் சேர்ந்தது, என்ன தின்னும், இரவில் நடமாடுமா பகலிலா. அதில் திட்டு ஒன்றும் இருக்காது. சரி தப்பும் இருக்காது. படித்துவிட்டு அடுத்த கூண்டுக்குப் போவோம். உள்ளே இருப்பதிடம் யாராவது கேட்பார்களா?

அன்றைக்கு ரேபா என்ன சொல்வாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன். "பாவிகளா, பௌதி பேச்சு எங்கே?" என்று டிவியைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டு, "அவர் சரியாத்தான் சொல்றார், பௌதி. உங்க முறை உங்களுக்கு. நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க" என்றாள்.

ரேபா என்னிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அவள் என்னோடு சண்டை போடவே இல்லை. புளியைப் பற்றிக் கேட்பதில்லை. வழியில் பார்த்தால், "நல்லா இருக்கீங்களா பௌதி?" என்று கேட்டு, பதிலுக்கு நின்று, போய்விடுகிறாள். அவள் கிண்ணம் ஒன்று என் அலமாரியில் அப்படியே இருக்கிறது. வாங்கிப் போகவும் வரவில்லை. என்னைத் திட்டுகிற ஒரே வாயையும் அந்த நயமான மனிதர் அடைத்துவிட்டார்.

5

ஊர்க்காரர்கள் சளைத்தவர்கள் இல்லை. கொஞ்ச நாள் கழித்து முருகேசன் போன் செய்தான்.

"அத்தை, ஒங்களை அங்க அடிச்சாய்ங்களாமே?"

"யாரு?"

"நம்ம டிவியில காட்டுறாய்ங்க. வங்காளத்துல தமிழன் பிணத்தைத் தூக்க விடலையாம். மேளத்தைப் புடுங்கிட்டாய்ங்களாம்."

"நீதானேடா கூட இருந்த? யாராச்சும் புடுங்கினாங்களா?"

"புடுங்கலதான். ஆனா டிவியில அம்புட்டு உறுதியாச் சொல்றாய்ங்களே அத்தை. நாங்க கெளம்புன பெறகு என்னமும் நடந்திருக்குமோன்னு..."

கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்தவன், ஆடினவன், டிவி பார்த்துவிட்டு என்னிடம் கேட்கிறான். அதே ஆட்டம்தான். அங்கே அதற்குச் சோகப் பாட்டு ஒட்டியிருந்தார்களாம்.

"நம்ம ஊர்ச் சேனல்காரவுக போன் போடுவாக. ரெண்டு வார்த்தை அழுது சொன்னீகன்னாப் போதும் அத்தை."

"நான் எதுக்குடா அழணும்? அடிக்காத சனத்தை அடிச்சுச்சுன்னு சொல்லவா? நான் சோறு தின்ன ஊருடா இது. வச்சிரு போனை."

பக்கத்தில் அவன் பெண்சாதி குரல் கேட்டது. அவளுக்கு நான் சித்தி முறை. "அங்கயே கெடந்து சித்தி மாறிட்டாகளோ? வங்காளத்துல சூனியம் வைப்பாங்கன்னு சினிமாவுல காட்டுறானே."

சூனியம் வைக்கத் தெரிந்திருந்தால் முதலில் யாருக்கு வைத்திருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

6

இனி திதி அன்றைக்கு வருகிறேன். நான் கேட்டதும் சேகர் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

"இன்னைக்குப் போயி என்னம்மா பேச்சு?"

"இன்னைக்குப் பேசாம என்னைக்குப் பேசுறது? டாக் வேணாம். அது அவங்க அம்மனோடது. ஊருல இருந்து நம்ம கொட்டுக்காரங்களை வரச் சொல்லு. என் வளையலை வித்துக்கோ."

"அதுக்கில்லம்மா. இப்ப எல்லாரும் கண்ணாடி வண்டியிலதான் கொண்டுபோறாங்க. ஏசி. பூ அலங்காரம் அவங்களே பண்ணிருவாங்க. சத்தமில்லாம, மரியாதையா..."

நியூ டவுனிலிருந்து திதிக்கு வந்திருந்த மாலாவும் சேர்ந்துகொண்டாள். "ஆமா பாட்டி. எங்க காம்ப்ளெக்ஸ்ல யாராவது போயிட்டா சர்வீஸ் லிஃப்ட்லதான் இறக்குவாங்க. பக்கத்து ஃப்ளாட்டுக்கே தெரியாது. ரொம்ப டீசன்ட்."

"குப்பை இறக்குற லிஃப்டாடி?"

"குப்பையும் அதுலதான். ஏன்?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் பிள்ளையும் என்னைப் பாட்டி என்னாமல் வங்காளத்தில் திதா என்றுதான் கூப்பிடுகிறான். கூப்பிட்டால் நான் போகிறேன். நான் மகனைப் பார்த்தேன்.

"மரியாதையான்னு சொன்னியே சேகரு. அப்ப அப்பாவுக்கு நடந்தது?"

அவன் துண்டை நாலாக மடித்தான், எட்டாக மடித்தான். தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் அன்னிக்கு ஆடியிருக்கக் கூடாதும்மா" என்றான்.

செய்ததிலேயே உருப்படியான ஒன்றை அவன் தப்பு என்று நினைத்துக்கொண்டு ஒரு வருஷமாக நடமாடியிருக்கிறான். ரேபா திட்டியதால் வந்தது இல்லை இது. அவளோடு வாதாடி ஜெயிக்கலாம். ஜன்னலுக்குப் பின்னால் சிரிப்பை அடக்கியவரோடும், சரி தப்பு சொல்ல நாம் யார் என்றவரோடும் எப்படி வாதாடுவது?

7

முந்தாநாள் பூஜையின் பத்தாம் நாள். அம்மனைக் கரைக்கக் கொண்டுபோகிற நாள். சாயங்காலம் எங்கள் தெருப் பந்தலிலிருந்து லாரி கிளம்பியது. முன்னால் டாக் மேளம். பெண்கள் முகமெல்லாம் குங்குமம். எல்லோரும் ஆடிக்கொண்டு வந்தார்கள். ரேபாவும் ஆடினாள், இந்த வயதில். கண்ணில் தண்ணீர் ஓடியது. நான் சொன்னேனே.

நான் மாடி வராந்தாவில், போன வருஷம் நின்ற அதே இடத்தில் நின்றேன். சேகர் கீழே கேட்டுக்கு உள்ளே, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். மேளம் எங்கள் வாசலுக்கு வந்ததும் கூட்டம் நின்று ஆடியது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அப்படி நிற்பார்கள்.

"ஷேகர்தா! எஷோ, எஷோ!" என்று பையன்கள் கையை நீட்டினார்கள். வாங்க வாங்க என்று. கேலியாகக் கூப்பிடவில்லை, எனக்குத் தெரியும். அவர்களுக்கு அந்த வீடியோ எப்போதோ மறந்திருக்கும். அதற்குப் பிறகு எத்தனை பார்த்திருப்பார்கள்.

அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். ஆனால் மேலேயிருந்து எனக்கு அவன் கால் தெரிந்தது. வலது கால். குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தால் தாளத்துக்குத் தட்டிக்கொண்டிருந்தது. அவனுக்கே தெரியாமல்தான் தட்டியிருக்கும். எனக்கு வேண்டிய கொட்டு அந்தக் காலில்தான் இருந்தது. ஓர் அடி வெளியே வைத்துவிட்டால் போதும், பிறகு அவன் எனக்கும் ஆடுவான். "போடா" என்று கத்தினேன். மேளச் சத்தத்தில் கேட்டிருக்காது. கேட்டின் தாழ்ப்பாளில் அவன் கை போனது.

அப்போது ஆடிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண், சந்தோஷத்தில்தான், போனை உயர்த்தி ஆட்டத்தை, லாரியை, அம்மன் முகத்தை எல்லாம் பிடித்துக்கொண்டே எங்கள் வாசல் பக்கம் திரும்பினாள். போனின் சின்ன வெளிச்சம் கேட் கம்பியில் பட்டது.

கை தாழ்ப்பாளை விட்டது. கால் நின்றது.

மேளம் தெருக்கோடி திரும்பும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு, எனக்கு மேளம் உண்டா என்று நான் அவனிடம் கேட்கவில்லை.